டோக்கியோவுக்கு ஒரு பெட்டி

சனிக்கிழமை வைத்த பால்கஞ்சி மிச்சம் கிடந்தது.
எங்கள் தீவில் சனிக்கிழமை என்றால் அதுதான்,
மேலே பட்டைத்தூள், நடுவில் உருகும் வெண்ணெய்க் கண்.
ஞாயிறு காலை அது சட்டியோடு இறுகி
கரண்டியை நட்டால் நின்றது.
"அப்பா, இதில் சுஷி செய்" என்றாள் எல்ட்ரிட்.

எட்டு வயது. சுஷி தின்றதில்லை.
மீன் அவளுக்கு ஆகாது.
இரண்டு வயதில் ஒரு விள்ளல் பட்டதற்கே
உதடு தடித்து, கண் மூடிப்போய்
நள்ளிரவில் ஹெலிகாப்டர் வந்து இறங்கிய வீடு இது.
எனக்கோ மீன்தான் சோறு போடுகிறது:
ஃப்ரோயாவின் சால்மன் ஆலையில்
நாளுக்கு எண்ணூறு முதுகு என் கத்திக்கு.
வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி, பனித்தூள், மூடி,
மூடிமேல் டோக்கியோ.
வாசலிலேயே சட்டையைக் கழற்றி
எலுமிச்சை தேய்த்து மூன்று முறை கை கழுவிய பிறகே
அவள் தலையைத் தொடுவேன்.

சரி, செய்வோம்.
கடற்பாசிக்கு என்ன?
உப்பு போட்ட அதிமதுர மிட்டாய், கறுப்புப் பட்டையாக விற்பது;
ஆவியில் காட்டி, பாட்டிலை உருட்டித் தகடாக்கினோம்.
மூங்கில் பாய்க்கு?
குளியலறை ஜன்னல் தட்டியைக் கழற்றி வந்தாள்.
கழுவினாயா என்று நான் கேட்கவில்லை.
இஞ்சிக்குச் சீவிய ருபார்ப் தண்டு,
சர்க்கரைப் பாகில் வெந்து வெட்கப்பட்டது.
மீன் முட்டைக்குச் சதுப்பில் பொறுக்கிய முல்டே பழம்.
வசாபிக்குப் பச்சைச் சாயம் பிசைந்த மர்சிபான்.
சோயாவுக்குச் சாக்லேட்.
அது சரியாக இருக்கிறதா என்று மட்டும்
இரண்டு பேரும் அடிக்கடி நக்கிப் பார்த்துக்கொண்டோம்.

சால்மனுக்கு டின் பீச்.
அங்கே என் கை என்னைக் கேட்காமல் வேலையைத் தொடங்கியது.
கத்தியைச் சாய்த்து, ஒரே இழுப்பு,
திரும்ப அறுக்கக் கூடாது.
போன வருடம் ஆலைக்கு வந்த சகாகிபாரா
பெருவிரலால் மீனை அமுக்கிப் பார்த்துவிட்டு
வார்த்தை பேசாமல் வெட்டிக் காட்டிய கோணம் அது.
பல்குச்சியில் க்ரீம் தொட்டு
கொழுப்பின் வெள்ளை வரிகளை எல்ட்ரிட் வரைந்தாள்.
மூன்றாவது துண்டில் எனக்கே சந்தேகம் வந்து
முகர்ந்து பார்த்தேன்.

குன்வோர் வாடிக்கையாளராக அழைக்கப்பட்டாள்.
கட்டணம் ஏழு சட்டைப் பொத்தான்.
"ஒன்றில் பாதாம் ஒளித்திருக்கிறேன்,
கிடைப்பவருக்கு மர்சிபான் பன்றி!"
அது கிறிஸ்துமஸ் கஞ்சியின் விளையாட்டு.
ஜூலைக் கடைசி, இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்;
யாரும் அதைச் சொல்லவில்லை.
பல்லுக்குப் பயந்து மெதுவாக மென்றோம்.
பத்தொன்பது துண்டும் போயிற்று,
பாதாமைக் காணோம்.
நான் தட்டைப் பார்த்தேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்.

அப்புறம்தான் இருபதாவது வந்தது:
என் மதிய உணவு டப்பா, உள்ளே பனிக்கட்டி,
மூடிமேல் கிரேயானில் டோக்கியோ,
கீழே கொட்டை எழுத்தில்
"மீன் இல்லை. பயப்பட வேண்டாம்."
"நாளைக்குப் போகிற லாரியில் ஏற்று."
ஏற்றுகிறேன் என்றேன்.

திங்கள் காலை, ஏற்றுமேடை.
லாரி உறுமிக்கொண்டு நின்றது.
முத்திரை, எடைச்சீட்டு, சுகாதாரத் தாள்,
எதிலும் கஞ்சிக்குக் கட்டம் இல்லை.
டப்பாவில் பனி உருகி
பீச் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.
மேற்பார்வையாளர் முதுகைக் காட்டிய நேரம்
வாயில் போட்டேன்.
பால், பட்டை, உப்பு மிட்டாய்,
கடைவாயில் கடக்.

மாலையில் வாசலிலேயே நின்றாள்.
எலுமிச்சை மூன்றாவது முறை முடியும்வரை பொறுத்தாள்.
"போய்ச் சேர்ந்ததா?"
"விமானம் தாமதம்."
ம், என்றாள்.

மிச்ச வசாபியில் அவள் பிடித்த பன்றி
ஜன்னல் விளிம்பில் காய்கிறது,
பச்சை உடம்பு, கிராம்புக் கண்,
ஒரு காது கொஞ்சம் பெரிது.
யாருக்கு என்று அவள் சொல்லவில்லை.
என் காற்சட்டைப் பையில்
கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன்,
பல் பட்ட பாதாமை.